சேற்றில் முளைத்த லோட்டஸ்

இந்த வருட மலருக்கு யாராவது ஒரு எஞ்சினியரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு இருவரையும் நம் ஆட்கள் மேடைக்கு மேடை பேசித் தீர்த்தாகிவிட்டது. ஆகவே கொஞ்சம் தூரம் போய், இங்கிலாந்தில் பிறந்த ஒரு கார் பைத்தியத்தைப் பிடித்து வந்திருக்கிறேன். பெயர் காலின் சாப்மன். லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்தவர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் தயாரிப்பவர்களுக்குக் கொடுக்கும் உலகப் பட்டத்தை அவர் காலத்தில் லோட்டஸ் ஏழு முறை வாங்கியது.

ஏன் இவர்? முதல் காரணம், காலேஜில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஓட்டைக் காரைப் பிரித்துப் போட்டு, புதிதாகக் கட்டி, சேற்றில் ஓட்டியவர். இன்று நம் வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பாஹா போட்டிக்கு வண்டி கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இவர் ஒருவகையில் சீனியர். இரண்டாவது காரணம், இவருக்கும் கணக்கில் அரியர் இருந்தது! மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

ஹோட்டல்காரர் மகன்

சாப்மன் பிறந்தது 1928 மே 19-ல், லண்டனை ஒட்டிய ரிச்மண்டில். வளர்ந்தது வடக்கு லண்டனில் ஹார்ன்ஸி என்ற பகுதியில். அப்பா அங்கே ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்திவந்தார். ஹோட்டல் என்றதும் நம்ம ஊர் இட்லி, சாம்பார் ஹோட்டலை நினைத்துவிடாதீர்கள். அது பீர்க்கடையோடு சேர்ந்த விடுதி. அதன் பின்பக்கம் பழைய குதிரை லாயம் ஒன்று இருந்தது. அந்த லாயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

1944-ல் ஒரு நடன நிகழ்ச்சியில் ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். பையனுக்குப் பதினாறு வயது இன்னும் நிரம்பவில்லை. பத்து வருடம் கழித்து இவர்தான் மனைவி. மனைவி மட்டுமல்ல, கம்பெனியின் முதல் முதலீட்டாளரும் இவர்தான்.

1945-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தார். எடுத்த பாடம் ஆட்டோமொபைல் இல்லை, மெக்கானிக்கலும் இல்லை, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிங்! சிவில் நண்பர்கள் இந்த இடத்தில் தாராளமாகக் கைதட்டிக்கொள்ளலாம். பாலத்துக்கும் கூரைக்கும் போடும் கணக்கைக் காருக்குப் போட்டதுதான் இவருடைய வாழ்க்கை முழுவதும் நடந்த வித்தை.

காலேஜில் விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். நம்ம என்.சி.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நடுவில் ஒரு நண்பரோடு கூட்டுச் சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரமும் நடந்தது. லண்டனில் வாரன் ஸ்ட்ரீட் அப்போது பழைய கார் புரோக்கர்களின் கோட்டை. யுத்தம் முடிந்த சமயம், புதுக் கார் கிடைக்காது. ஆகவே பழைய காருக்குக் கிராக்கி. மாணவர்களின் பாக்கெட்டில் காசு புரண்டது.

ஆனால் 1947 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம் பொதுமக்களுக்குக் கொடுத்துவந்த பெட்ரோல் ரேஷனை நிறுத்தியது. பெட்ரோல் இல்லாமல் கார் எதற்கு? ஒரே வாரத்தில் மார்க்கெட் படுத்தது. கையில் இருந்த வண்டிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். சம்பாதித்ததெல்லாம் போயிற்று. ஒரே ஒரு கார் மட்டும் யாரும் சீண்டாமல் தங்கிவிட்டது. அது 1930-ம் வருடத்து ஆஸ்டின் செவன்.

விற்காமல் நின்ற கார்

ஆஸ்டின் செவன் என்பது அந்த நாட்டின் சாமானியக் கார். 1922-ல் வந்தது, 747 சி.சி. எஞ்சின், 1939 வரை லட்சக்கணக்கில் விற்றது. நமக்கு மாருதி 800 எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. சின்ன வண்டி, எளிமையான சேஸிஸ், ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும், பிரிக்கத் தெரிந்தால் போதும். காசில்லாத பையன்கள் பந்தயக் கார் கட்டுவதென்றால் முதலில் தேடுவது இதைத்தான்.

ஹேசலின் அப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் இருந்தது. சாப்மன் அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் மேல்பாகத்தை முழுக்கக் கழற்றினார். பழைய பாடி மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. அது வண்டிக்கு அழகு தவிர வேறெதுவும் தரவில்லை. பாரத்தையெல்லாம் சேஸிஸ் ஒன்றே தாங்கியது. விமானம் அப்படியில்லை. அதில் மேல்தோலும் சேர்ந்து பாரம் தாங்கும். அதைப் பார்த்துப் பழகியிருந்த சாப்மன், இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் பாடி செய்து, நடுநடுவே குறுக்குத் தடுப்புகள் வைத்து, எல்லாவற்றையும் சேஸிஸோடு இறுக்கிவிட்டார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். உள்பெட்டியை உருவிவிட்டு வெளி உறையை மட்டும் விரலால் அழுத்துங்கள், சாய்ந்து படுத்துவிடும். உள்பெட்டியைச் செருகிவிட்டு அழுத்துங்கள், அசையாது. எடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, விறைப்பு பல மடங்கு. அந்தக் குறுக்குத் தடுப்புகள் செய்த வேலை இதுதான்.

1948-ல் வண்டி தயார். ஆஸ்டின் என்று பதியாமல் லோட்டஸ் என்று புதுப் பெயரில் பதிவு செய்தார். ஏன் அந்தப் பெயர் என்று கடைசிவரை வெளியே சொல்லவில்லை. ஹேசலை அவர் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கென்ன, தாமரை சேற்றில்தானே முளைக்கும்! பெயர் பொருத்தம் பிரமாதம்.

சேற்று மேட்டில்

இந்த முதல் லோட்டஸ் ஓடியது தார் போட்ட ரேஸ் டிராக்கில் இல்லை. இங்கிலாந்தில் டிரையல்ஸ் என்று ஒரு போட்டி உண்டு. மழையில் ஊறிய செங்குத்தான மேடு. களிமண், வேர், கல் எல்லாம் கலந்த பாதை. அதில் நிற்காமல் ஏற வேண்டும். எவ்வளவு வேகம் என்பது கணக்கில்லை. எங்கே சக்கரம் சுற்றி நின்றுபோனதோ அங்கே உங்கள் மார்க் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்க எகிறி எகிறிக் குதிக்க வேண்டும். நம் ஊரில் சகதியில் மாட்டிய டெம்போவின் பின்னால் நாலு பேர் ஏறிக் குதிப்பார்களே, அதே தத்துவம்.

இதில் ஓட்டுபவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள். வார நாட்களில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சேறு. வரும் வண்டியும் அதே, திரும்பிப் போகும் வண்டியும் அதே. ஆகவே உடையக் கூடாது, உடைந்தாலும் அங்கேயே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெரிய வேண்டும். சாப்மன் தன் வண்டியை ஹேசலோடு இந்தப் போட்டிகளுக்குக் கொண்டுபோய்த் தன் பிரிவில் இரண்டு முறை ஜெயித்தார்.

சேறு நல்ல வாத்தியார். எங்கே எடை இருந்தால் பிடிப்பு, எங்கே இருந்தால் சுமை என்று உடனே காட்டிக்கொடுக்கும். குதிரைசக்தியை ஏற்றினால் சக்கரம் சும்மா சுற்றுமே தவிர மேடு ஏறாது. சாப்மன் பிற்காலத்தில் பெரிய எஞ்சினைத் தேடி ஓடாமல் எடையையும் சஸ்பென்ஷனையும் பிடித்துக்கொண்டதற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

1950-ல் அந்த முதல் வண்டியை விற்றுவிட்டார். பிறகு அது எங்கே போனது என்றே தெரியாமல் போயிற்று. லோட்டஸ் ரசிகர்கள் வருடக்கணக்காகத் தேடியிருக்கிறார்கள்.

அந்த அரியர் விஷயம்

1948-ல் கடைசிப் பரீட்சை. கணக்குப் பேப்பரில் ஃபெயில்! கார் ஷெட்டில் ராத்திரி பகலாகக் கிடந்தால் வேறென்ன ஆகும்? டிகிரி இல்லாமல் காலேஜை விட்டு வெளியே வந்து, விமானப் படையில் கொஞ்ச காலம் இருந்தார். 1949-ல் அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதிப் பாஸ் செய்து டிகிரி வாங்கினார். பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அரியர் வைத்தவர்களெல்லாம் சாப்மன் ஆகிவிட முடியாது. அவர் திரும்ப உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் இதில் முக்கியம். அவருடைய கார்கள் எல்லாமே கணக்கின் மேல் நின்றவை.

ரூல் புக்கைப் படித்த விதம்

இரண்டாவது வண்டியும் ஆஸ்டின் செவன் அடிப்படைதான். எஞ்சின் மட்டும் ஃபோர்டு. 1950 ஜூனில் சில்வர்ஸ்டோன் டிராக்கில் நடந்த கிளப் பந்தயத்தில் இந்த வண்டி ஒரு புகாட்டியை முந்தி ஜெயித்தது. அந்த ருசி கண்ட பிறகு மனுஷன் சேற்றிலிருந்து தார் ரோட்டுக்கு மாறிவிட்டார்.

அப்போது ஆஸ்டின் செவன் வைத்திருப்பவர்களுக்காக 750 மோட்டார் கிளப் ஒரு பந்தயப் பிரிவை ஏற்படுத்தியிருந்தது. காசு இல்லாதவரும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1951-ல் சாப்மன் இதற்காக மூன்றாவது வண்டியைக் கட்டினார். பக்கத்தில் வசித்த ஆலன் சகோதரர்கள் தங்கள் ஷெட்டையும் மெஷின்களையும் உழைப்பையும் கொடுத்தார்கள்.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஆனால் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டே வழி. இரண்டு வீட்டுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் மாதிரி, பக்கத்துச் சிலிண்டர் உறிஞ்சும்போது இதற்குக் குறையும். வழியைக் கூட்ட விதி இடம் கொடுக்கவில்லை. சாப்மன் என்ன செய்தார்? இருக்கும் வழிக்குள்ளேயே நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்து ஒன்றை இரண்டாக்கினார். விதியில் எழுதியிருந்தது எதுவும் மீறப்படவில்லை. மற்ற வண்டிகள் அந்த வருடம் முழுக்கப் பின்னால்தான் வந்தன. அடுத்து கிளப் உட்கார்ந்து யோசித்து அந்த வித்தைக்குத் தடை போட்டது.

இந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது. விதிப் புத்தகம் எதைச் சொல்கிறது என்று மற்றவர்கள் படிப்பார்கள். எதைச் சொல்லாமல் விட்டது என்று இவர் படிப்பார். எஞ்சினியருக்கு இது பெரிய பலம். அது எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்க்கத்தான் போகிறோம்.

குதிரை லாயத்தில் கம்பெனி

1952 ஜனவரி 1-ல் லோட்டஸ் எஞ்சினியரிங் கம்பெனி உதயமாயிற்று. மூலதனம் ஹேசலிடம் வாங்கிய 25 பவுண்டு கடன். தொழிற்சாலை, அப்பா ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த அதே குதிரை லாயம்! பகலில் எல்லோருக்கும் வேறு வேலை. சாயந்திரம் வந்து நள்ளிரவு வரை வெல்டிங். டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த மைக் காஸ்டின் இப்படித்தான் வந்து சேர்ந்தார். அவருடைய அண்ணன் ஃபிராங்க் காஸ்டின் அதே விமானக் கம்பெனியில் காற்றோட்ட நிபுணர். லோட்டஸுக்கு வழுக்கிக்கொண்டு போகும் பாடிகளை வரைந்து கொடுத்தார். சாப்மன் தன் அலுமினியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக லோட்டஸுக்கு வந்தது 1955-ல்தான். அதுவரை மாதச் சம்பளம்தான் சோறு போட்டது.

லோட்டஸை நிற்க வைத்தது மார்க் சிக்ஸ் என்ற வண்டி. இதில் சேஸிஸ் என்பது மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டு செய்த கூடு. ரயில்வே பாலத்தைப் பாருங்கள், அதே முக்கோணம். ஒவ்வொரு குழாயும் இழுபடும் அல்லது அழுந்தும், வளையாது. வளையாததை மெல்லியதாக வைக்கலாம்.

விற்ற விதம் இன்னும் சுவாரஸ்யம். அங்கே முழுக் காருக்கு அரசாங்கம் வரி போட்டது. உதிரிப் பாகமாக விற்றால் அந்த வரி இல்லை. சாப்மன் காரைப் பெட்டியில் போட்டு விற்றார்! வாங்குபவர் வீட்டில் உட்கார்ந்து தானே பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பழைய ஃபோர்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை பூட்டி, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போன கூட்டம் இப்படி உருவானது. அடுத்து 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதே வழியில் வந்தது. 1973-ல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது. பெயர் மாறியும் அந்த வண்டி சாகவில்லை.

எடைக் கணக்கு

சாப்மனின் நம்பிக்கையை நம் முதல் வருட ஃபிசிக்ஸிலேயே சொல்லிவிடலாம். எஞ்சின் சக்தியைக் கூட்டினால் நேர்ரோட்டில் மட்டும் வேகம் கூடும். எடையைக் குறைத்தால் கிளம்பும்போதும் லாபம், பிரேக் போடும்போதும் லாபம், வளைவிலும் லாபம். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். ஒரே பாகம் இரண்டு வேலை செய்தால் மற்றொன்றைத் தூக்கிப்போடலாம்.

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான் அவருடைய பெரிய கார்கள். 1962-ல் வந்த லோட்டஸ் 25-ல் குழாய்க் கூடே இல்லை. அலுமினியத் தகட்டில் செய்த பெட்டியே சேஸிஸ். ஆஸ்டின் செவனில் செய்த அதே தீப்பெட்டி வித்தை, இப்போது உலகத் தரத்தில். ஸ்காட்லாந்து விவசாயி ஜிம் கிளார்க் அதை ஓட்டி 1963-ல் பத்துப் பந்தயத்தில் ஏழை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். 1965-ல் மறுபடியும் சாம்பியன். அதே வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்திலும் வெற்றி. பின்பக்கம் எஞ்சின் வைத்த கார் அங்கே ஜெயித்தது அதுவே முதல் முறை.

1967-ல் லோட்டஸ் 49. டிரைவர் முதுகுக்குப் பின்னால் சேஸிஸ் முடிந்துவிடும். அதற்கப்புறம் எஞ்சினே சேஸிஸ். பின்சக்கரங்கள் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் தொங்கின. ஃபோர்டு பணம் கொடுத்து, காஸ்வொர்த் செய்த டி.எஃப்.வி. என்ற அந்த எஞ்சின் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. மொத்தம் 155 கிராண்ட் பிரீ வெற்றிகளைக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. காஸ்வொர்த்தில் உள்ள காஸ், நம் லாயத்து மைக் காஸ்டின்தான்.

1977, 78-ல் காரின் அடிப்பக்கத்தையே தலைகீழ் விமான இறக்கையாக மாற்றினார்கள். விமானத்தை இறக்கை மேலே தூக்கும். இது காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்தது. எடை கூடாமல் பிடிப்பு கூடியது. சேற்று மேட்டில் பக்கத்து சீட்டில் ஹேசல் செய்த வேலையை இங்கே காற்று செய்தது! மரியோ ஆண்ட்ரெட்டி 1978-ல் சாம்பியன்.

ஒவ்வொரு வெற்றிக்கும் சாப்மன் தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி டிராக்கின் மேல் வீசுவார். உலகம் முழுக்க அந்தத் தொப்பி பிரபலம்.

கொடுத்த விலை

இத்தோடு முடித்தால் இது பாராட்டுப் பத்திரம். ஆனால் நாம் எஞ்சினியர்கள். எடையை எடுத்தால் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

1960 ஜூன், பெல்ஜியத்தில் ஸ்பா டிராக். பயிற்சியின்போது ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்று ஓடியது. அவருக்குக் கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லரின் லோட்டஸில் ஸ்டியரிங் உடைந்தது. அத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. மறுநாள் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் ஆலன் ஸ்டேஸி ஒரு பறவை முகத்தில் மோதி இறந்தார். அதற்குக் காரைக் குறை சொல்ல முடியாது.

1968 ஏப்ரல் 7-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் டிராக்கில் ஜிம் கிளார்க் மரத்தில் மோதி இறந்தார். பின் டயரில் காற்று இறங்கியிருக்கலாம் என்று பலர் கருதினார்கள். கிளார்க் சாப்மனுக்கு டிரைவர் மட்டுமல்ல, மிக நெருங்கிய நண்பர். கிளார்க்கின் 25 கிராண்ட் பிரீ வெற்றிகளும் லோட்டஸில் வந்தவை. அந்த அடியிலிருந்து சாப்மன் முழுசாக எழுந்திருக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1969 மே மாதம் பார்சிலோனாவில் இரண்டு லோட்டஸ்களின் உயரமான இறக்கைகளும் ஓடும்போதே முறிந்தன. கிரஹாம் ஹில் தப்பினார். யோகன் ரிண்ட் காயப்பட்டார். அதற்குப் பிறகு ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார் ஏற்கெனவே வேகமானது, பலவீனமான இடங்களில் கொஞ்சம் எடை சேர்த்தாலும் ஜெயிக்கலாம் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பர் 5, இத்தாலியில் மோன்ஸா. பிரேக் போடும் நேரத்தில் முன்பக்க பிரேக் ஷாஃப்ட் முறிந்து ரிண்டின் கார் தடுப்பில் மோதியது. அவர் பிழைக்கவில்லை. அந்த வருடம் அவர் எடுத்திருந்த புள்ளிகளை யாரும் தாண்டவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆனவர் அவர் ஒருவர்தான்.

அந்த ஷாஃப்ட் அங்கே எதற்கு வந்தது? லோட்டஸ் 72-ல் முன் பிரேக்கைச் சக்கரத்தில் வைக்காமல் உள்ளே பாடிக்குள் வைத்தார்கள். சக்கரத்தோடு எகிறும் எடை குறைந்தால் டயர் ரோட்டைவிட்டு விலகாது. அருமையான யோசனை. ஆனால் இனி பிரேக்கின் முறுக்கு முழுக்க ஒரு ஷாஃப்ட் வழியாகப் போக வேண்டும். தடுப்பு வேலி சரியாகப் பொருத்தப்படாததும் சேர்ந்துகொண்டது. இத்தாலியில் வழக்கு பல வருடம் நடந்து, கடைசியில் சாப்மன் மேல் குற்றம் இல்லை என்று முடிந்தது.

1978-ல் அதே மோன்ஸாவில் பந்தயம் தொடங்கிய உடனே பல கார்கள் மோதிக்கொண்டதில் லோட்டஸின் ரோனி பீட்டர்சன் கால்கள் நொறுங்கி, மறுநாள் இறந்தார். ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனதும் அந்தப் பந்தயத்தில்தான். அன்றைக்குக் கொண்டாட யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா அணியிலும் டிரைவர்கள் இறந்தார்கள். அது உண்மை. லோட்டஸில் உட்கார மற்ற டிரைவர்கள் யோசித்தார்கள் என்பதும் உண்மை. நான் வாகன உதிரிபாக டிசைனில் இருப்பவன். ஒரு பிராக்கெட்டில் ஐம்பது கிராம் குறைத்துக் காட்டினால் மீட்டிங்கில் கைதட்டு. அந்த ஐம்பது கிராம் பத்து வருடம் குண்டும் குழியுமான ரோட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை யாரும் கைதட்டிக் கேட்பதில்லை. சாப்மனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரிண்டின் அந்தக் கடிதம்தான் முதலில் ஞாபகம் வரும்.

மறுபடியும் மண் ரோடு

சாப்மன் பெயர் தார் ரோட்டோடு நின்றுவிடவில்லை. ஃபோர்டுக்காக அவர் எஞ்சினும் சஸ்பென்ஷனும் மாற்றிக்கொடுத்த லோட்டஸ் கார்ட்டினா 1966-ல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை ஜெயித்தது. 1967 பிப்ரவரியில் கென்ட் மாவட்டத்து லிடன் ஹில்லில், பாதி தார் பாதி மண் கலந்த டிராக்கில், டி.வி.க்காக ஒரு புதுப் போட்டி நடத்தினார்கள். அதுதான் முதல் ராலிகிராஸ். விக் எல்ஃபோர்டு போர்ஷேயில் ஜெயித்தார். கலந்துகொண்ட கார்களில் லோட்டஸ் கார்ட்டினாவும் உண்டு. அதற்குப் பிறகு வீட்டு ஷெட்டில் பழைய காரைக் கட்டிக்கொண்டு வந்து சேற்றில் சுற்றும் கூட்டம் ஐரோப்பா முழுக்கப் பெருகியது. 1981-ல் லோட்டஸ் எஞ்சின் வைத்த டால்பட் சன்பீம் உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது.

கடைசி அத்தியாயம்

1978-ல் அமெரிக்காவின் ஜான் டிலோரியன், வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் அரசாங்கப் பணத்தில் கார் தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காரை உருவாக்கும் வேலை லோட்டஸுக்கு வந்தது. அதற்கான பணத்தில் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல், பனாமாவில் பதிந்த ஜி.பி.டி. என்ற கம்பெனி வழியாகப் போய், காணாமல் போயிற்று. 1982-ல் டிலோரியன் கம்பெனி திவால். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. விசாரணை சூடு பிடிக்கும் நேரத்தில், 1982 டிசம்பர் 16-ல், சாப்மன் மாரடைப்பில் இறந்தார். வயது 54.

1992-ல் லோட்டஸின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃபிரெட் புஷல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருடத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு கூண்டில் நின்றிருந்தால் பத்து வருடமாவது கொடுத்திருப்பேன் என்ற கருத்தை நீதிபதி பதிவு செய்தார். விதியில் எழுதாமல் விட்ட இடத்தைப் படிக்கும் பழக்கம் எஞ்சினில் மேதைமை. மக்கள் வரிப்பணத்தில் அது வேறு பெயர் பெறும்.

டீம் லோட்டஸ் கடைசியாகப் பந்தயம் ஓட்டியது 1994-ல். பிற்பாடு வேறு ஒருவர் அந்தப் பெயரை வாங்கி அணி நடத்தியபோது, 2011 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் அந்தக் காரை ஓட்டியவர்களில் நம் சென்னையின் கருண் சந்தோக்கும் ஒருவர்.

ஜூனியர்களுக்கு

பாஹா போட்டியில் எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின். ஆகவே ஜெயிக்க வழி எடைதான். நீங்கள் எல்லோரும் சின்னச் சின்ன சாப்மன்கள்! ஒவ்வொரு குழாயையும் பார்த்து, நீ எதற்கு இருக்கிறாய் என்று தைரியமாகக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அறுத்துப் போடுங்கள். ஆனால் அறுப்பதற்கு முன்னால் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. இது உடைந்தால் பாரம் எங்கே போகும், அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது யார்? முதல் கேள்வியை உலகத்திலேயே நன்றாகக் கேட்டவர் சாப்மன். இரண்டாவதை அவர் போதுமான அளவு கேட்கவில்லை. ரோல் கேஜ் குழாயின் தடிமனை விதிப் புத்தகம் சொல்வது போட்டி நடத்துபவர்களின் பிடிவாதம் அல்ல. அந்த வரிக்குப் பின்னால் ஸ்பாவும் மோன்ஸாவும் இருக்கின்றன.

உள்ளே உட்காரப்போவது உங்கள் வகுப்புத் தோழன், தோழி. வண்டி முதலில் வந்தால் சந்தோஷம். ஓட்டினவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தால் அதைவிட சந்தோஷம். சேறு பூசிய முகத்தோடு ஒரு போட்டோ எடுத்து அடுத்த மலருக்கு அனுப்புங்கள். அனைவருக்கும் என் வாழ்த்துகள்!